சேலுக்கும் ஷேலுக்கும் நடுவே

1

நான் இருக்கும் வடக்கு நோர்வேயில் கடல்நாயைச் 'சேல்' என்பார்கள். ஆன்மாவை 'ஷேல்' என்பார்கள். சங்கரன் என்றாலும் ஷங்கரன் என்றாலும் ஒரே ஆள் திரும்பிப் பார்க்கும் ஊரில் பிறந்தவனுக்கு இது எப்பேர்ப்பட்ட பொறி என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

போன மாசி மாதம் எங்கள் ஊர் மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. பனிக்கடலில் வேட்டையாடி வரும் கடல்நாய் இறைச்சியையும் எண்ணெயையும், நான் வேலைசெய்யும் மீன் தொழிற்சாலை இனி வாங்கிப் பதப்படுத்தலாமா என்று ஊராட்சி எல்லாரிடமும் கருத்துக் கேட்டது. இந்த நாட்டில் ஒரு மதகு கட்டுவதென்றாலும் கருத்துக் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்ல நகரத்திலிருந்து சிலர் வெள்ளைக் குட்டிகளின் படங்களோடு வந்திருந்தார்கள். வேண்டும் என்று முதலில் எழும்பிப் பேசியவள் என் மகள் அபிராமி. அவள் சும்மா ஆதரவு தெரிவிக்க வந்தவள் இல்லை. சித்திரையில் கப்பலேறி வேட்டைக்கே போக இருந்தவள்.

அவள் பேசி முடித்ததும் தொழிற்சாலை முதலாளி என் பக்கம் திரும்பி, தொழிலாளர் சார்பில் நீயும் இரண்டு வார்த்தை சொல்லேன் என்றார். வழக்கமாக நான் ஷ வரவேண்டிய இடத்தில் ச போட்டு வாங்கிக் கட்டுகிறவன். அன்றைக்காவது ஒழுங்காகப் பேசவேண்டும் என்று வலிந்து ஷ போட்டேன். "நானும் கடலோடிக் குடும்பத்தில் பிறந்தவன், என் மகள் கடல்நாய் பிடிக்கப் போகிறாள், பத்திரமாகத் திரும்பி வரவேண்டும்" என்பது நான் சொல்ல நினைத்தது. மண்டபத்துக்குக் கேட்டது வேறு.

"என் மகள் ஆன்மாக்களைப் பிடிக்கப் போகிறாள்."

சிரிப்பார்கள் என்று பார்த்தேன். சிரித்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். அதுவரை எலியும் பூனையுமாக இருந்த இரண்டு பக்கத்து ஆட்களும் ஒன்றாகத் திரும்பி அபிராமியைப் பார்த்தார்கள். வெளியே கடல் சத்தம் நின்றுவிட்ட மாதிரி இருந்தது. அவளை ஏதோ ஒன்றுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டேன் என்று பட்டது.

2

அந்தச் சொல்லோடு எனக்குப் பகை ஆரம்பத்திலிருந்தே உண்டு. வந்த புதிதில், இறங்குதுறையில் மீன்பெட்டி தூக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்றவன் கடலைக் காட்டி "சேல்! சேல்!" என்று கத்தினான். பெட்டியும் கொட் மீனும் ஒரு பக்கம் பறக்க, நான் குப்புற விழுந்து காதைப் பொத்திக்கொண்டேன். சண்டைக்கால இலங்கையின் வடகரையில் 'செல்' என்றால் பீரங்கிக் குண்டு. அப்படி ஒருவன் கத்தினால் விழாமல் நின்றவன் எவன்? எங்கே விழுந்தது, எத்தனை விழுந்தது என்று பிறகுதான் கேட்போம். நோர்வேக்காரர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி என்னைப் பகிடி பண்ணுவார்கள்.

எழும்பிப் பார்த்தபோதுதான் அதை முதன்முதலில் கண்டேன். கீரிமலைக் கேணியில் கழுத்தளவு தண்ணீரில் நிற்கும் மொட்டைத்தலைப் பெரியவர் மாதிரி, தலையை மட்டும் வெளியே வைத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கறுத்து நனைந்த கண். நாய் என்று யார் பெயர் வைத்தார்களோ, எனக்கு அது நாயாகத் தெரியவில்லை. நம் புலவர்கள் அழகிய கண்ணுக்குச் சேல்மீனை உவமை சொல்லி வைத்திருப்பது அந்த நேரத்தில் ஏன் ஞாபகம் வந்தது என்றும் தெரியவில்லை. பார்த்துவிட்டு அது ஒரு மூச்சு விட்டது. நீளமான, சலித்துப்போன மனிதனுடைய மூச்சு.

அந்த மூச்சை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன்.

3

எங்கள் வீடு காங்கேசன்துறைக்குக் கிழக்கே, காற்று அடித்தால் சன்னல் கம்பியில் உப்புப் படியும் தூரத்தில் இருந்தது. வடக்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அப்பா மேற்கே காரைநகர்ப் பக்கம் போய்த் தங்கித் தொழில் செய்வார். அங்கே கடல் ஆழமில்லை. அடியில் புல் வளர்ந்திருக்கும். அந்தப் புல்லை மேய ஆவுளியா வரும். ஆவுளியா என்றால் இளம் ஆட்களுக்குத் தெரியாது. 'கடற்பசு' என்று படம் போட்டு, பிடித்தால் சிறை என்று அரசாங்கம் சுவரொட்டி ஒட்டுகிறதே, அதுதான். பசு என்று முதலே சொல்லியிருந்தால், நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வள்ளம் ஏறும் என் அப்பா அதைத் தொட்டிருக்கவே மாட்டார். ஒரு பிராணி கறியாவதும் கடவுளாவதும் பாதி அதன் பெயரில் இருக்கிறது.

ஆவுளியாவும் மீன் இல்லை. மூச்சு விட மேலே வரத்தான் வேண்டும். அந்த மூச்சு கேட்ட கணத்திலிருந்து வள்ளத்தில் ஒருவரும் மற்றவரின் பேரைச் சொல்லக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் கட்டுப்பாடு. "உவன்", "அங்காலை நிக்கிறவன்", "இஞ்சை வாடா" என்பதோடு சரி. காதில் விழுந்த பேரை ஆவுளியா மறக்காது. ஒரு மூச்சோடு உள்ளே எடுத்து, பிறகொரு நாள் கரைக்கு வந்து இன்னொரு மூச்சோடு கூப்பிடும். கூப்பிட்டால் 'ஓம்' என்று பதில் கொடுக்கக்கூடாது. சொன்னால் அந்த ஆள் அதற்குரியவன் என்பார்கள்.

ஒரு நாள் சித்தப்பா எறிந்த மண்டா, அதாவது குத்தீட்டி, குறி தவறிக் கயிறு காலில் சிக்கியது. பதறிப்போய் "சிவராசா, பிடியடா!" என்று கத்திவிட்டார். சிவராசா என் அண்ணை. அன்றைக்கு வந்தது தாயும் குட்டியும். தாய் தப்பிவிட்டது, வள்ளத்தில் ஏறியது குட்டி. அப்பா அந்தக் கறியை வாயில் வைக்கவில்லை.

அதற்குப் பிறகு, கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கும் பின்னேரங்களில் எங்கள் வீட்டுக்கு முன்னால் அந்த மூச்சு வரத் தொடங்கியது. ஆழம் கூடிய எங்கள் பக்கத்துக்கு ஆவுளியா வருவதே இல்லை. அண்ணைக்கு மட்டும் கேட்டிருந்தால் பயந்தவன் காதுக்கு எல்லாம் கேட்கும் என்று விட்டிருப்பேன். நான் பக்கத்தில் இருந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தேன். எனக்கும் கேட்டது. சொல் முழுசாக இராது. 'சி' என்று ஒரு காற்று. கொஞ்சம் பொறுத்து, இழுத்து, ஒரு 'வா'.

அண்ணை கடலுக்குப் போவதை விட்டார். சண்டைக்குள் எல்லாரும் இடம்பெயர்ந்து நீர்வேலிக்குப் போனபோது வீட்டில் அழாதவர் அவர் ஒருவர்தான். அங்கேயே வாழைத்தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு சொந்தமாகக் குத்தகைக்கு எடுத்தார். காங்கேசன்துறைப் பக்கத்துக் காணிகளை இராணுவம் விடுவித்த பிறகும் திரும்பிப் போகவில்லை. ஏன் என்று கேட்டால், "யாழ்ப்பாணத்திலை கடல் கேக்காத இடம் தேடித்தான் வாழை வைச்சிருக்கிறன்" என்பார். மீன் குடும்பத்துப் பிள்ளை வாழைக்குலை விற்கிறான் என்று நாங்கள் எல்லாம் சிரித்தோம். சிரிப்பதற்கு எனக்கு என்ன தகுதி? அவர் ஓடிய தூரத்தை விட நான் ஓடிய தூரம் கூட.

4

அபிராமியை இங்கே எல்லாரும் அபி என்பார்கள். இங்கேயே பிறந்தவள். கடல்வாழ் உயிர்களைப் பற்றிப் படித்தவள். தமிழ் நன்றாகக் கதைப்பாள். கோபம் வந்தால் மட்டும் நோர்வேஜியத்துக்குத் தாவிவிடுவாள், நான் திருப்பிப் பேச முடியாது என்று தெரிந்து. மற்றத் தமிழ்ப் பிள்ளைகள் ஒஸ்லோவுக்கு மருத்துவமும் கணினியும் என்று போக, இவள் வேட்டைக்காரருக்கான பாடம் படித்து, சூட்டுப் பரீட்சையில் தேறி, துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பிள்ளைகள் கைவிட்டுப் போவார்கள் என்று தெரியும். இந்தத் திசையில் போவார்கள் என்று யார் கண்டது?

சாப்பாட்டு மேசையில் வாக்குவாதம் தொடங்கினால் சோறு ஆறிவிடும்.

"அப்பா, பால் குடிக்கிற குட்டியை ஒருத்தரும் தொடுறேல்லை. எத்தினை இருக்கு எண்டு எண்ணிப்போட்டுத்தான் எத்தினை எடுக்கலாம் எண்டு விடுகினம். கப்பலிலை மேற்பார்வைக்கு ஒராள் நிப்பார். நீங்கள் கடையிலை வாங்கிற கோழி ஒருநாளாவது வெயில் பாத்திருக்குமே?"

"கோழி என்னைத் திரும்பிப் பாக்கிறேல்லையே பிள்ளை."

"பாக்க விடுறேல்லை. அதுதான் வித்தியாசம்."

நான் அவளுக்கு எங்கள் ஆட்களின் கட்டுப்பாட்டைச் சொன்னேன். நாங்களும் கண்ட கண்டபடி கொல்லவில்லை, மரியாதை இருந்தது, பயம் இருந்தது என்றேன். அவள் கையைக் கழுவாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சரி. எத்தினை மிச்சம் இருந்தது எண்டு ஆராவது எண்ணினீங்களோ?"

"பேரே சொல்லாதவங்கள் கணக்குச் சொல்லுவங்களோ?"

"அதுதான் அப்பா, ஆவுளியா முடிஞ்சு போச்சு."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. பயந்து பயந்து கொன்றோம், கொன்றது கொன்றதுதான். இன்றைக்கு நம் கடலில் அந்த மூச்சைக் கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நகரத்திலிருந்து வந்தவர்களையும் நான் குறை சொல்லமாட்டேன். கூட்டத்தில் ஒரு பெண், குண்டு பட்டுப் பனிக்கு அடியில் போய்ச் சாவது எந்தக் கணக்கில் சேர்கிறது என்று கேட்டாள். அபி மழுப்பவில்லை. அதற்காகத்தான் ஒவ்வொரு வருடமும் சூட்டுப் பரீட்சை, ஆனாலும் தவறுவது உண்டு, அதை நினைத்து எனக்கும் நித்திரை வருவதில்லை என்றாள். அந்த நேரத்தில் அவளை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. அதற்கு அடுத்ததாகத்தான் நான் எழும்பி அந்த ஷ-வைப் போட்டேன்.

வீட்டு வாசலில் காரிலிருந்து இறங்கும்போது அவள், "எல்லாரும் என்னைப் பாத்த மாதிரி நீங்களும் பாத்தீங்கள், அப்பா" என்றாள்.

உண்மை. வேட்டை சரியா பிழையா என்பதில் எனக்கு நித்திரை கெடவில்லை. அங்கே அவளை யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால், அதை அது கேட்டுவிட்டால் என்பதே என் பயம். படித்தவர்கள் சிரிக்கலாம். என் வீட்டிலேயே சிரித்தார்கள். "இந்த நாட்டிலை பேரைக் கேட்டு வீடு தேடி வாறது வரிக் கந்தோர்க் கடிதம் மட்டும்தான்" என்றாள் என் மனைவி.

5

அண்ணையைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். காணொளியில் அவருடைய தலைக்குப் பின்னால் வாழையிலை ஆடிக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"கடல்நாய் எண்டாலும் மூச்சு விடுற சாதிதானே, தம்பி?"

"ஓம் அண்ணை."

"அது கூப்பிட்டு எத்தினை வருசமாச்சு. எனக்கு இப்பவும் மழை பேஞ்சு வாய்க்காலிலை தண்ணி நிண்டால் அந்தப் பக்கம் போறேல்லை. அவளைப் போக வேண்டாம் எண்டு நீ சொன்னால் கேக்கப் போறாளோ? கேக்கமாட்டாள். பேரைச் சொல்ல விடாதை. அது போதும்."

அதை அபியிடம் கொண்டுபோனேன். அவள் பொறுமையாக விளக்கினாள். பனித்தட்டில் இறங்கும்போது ஒரு தரம், கப்பலில் ஏறும்போது ஒரு தரம், ஒவ்வொருவரின் பேரையும் உரக்கக் கூப்பிட்டுப் பார்ப்பது சட்டம். குரல் வராவிட்டால் ஆள் தண்ணீருக்குள் என்று தேடத் தொடங்குவார்கள்.

"பேர் சொல்லாட்டித்தான் அப்பா அங்கை ஆள் செத்துப்போகும்."

ஊரில் பேர் சொன்னால் ஆபத்து. இங்கே சொல்லாவிட்டால் ஆபத்து. இரண்டும் கடலைத் தெரிந்தவர்கள் சொன்னது. நான் எந்தக் கடலை நம்புவது?

6

புறப்படுவதற்கு முந்தின கிழமை அவளுக்குக் கப்பலிலிருந்து குளிர்ச் சட்டை வந்தது. தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கவைக்கும் செம்மஞ்சள் உடுப்பு. வரவேற்பறையில் விரித்து வைத்துப் பார்த்தோம். நெஞ்சில் பேர் ஒட்டியிருந்தது. அபிராமி என்று இல்லை. தவராசா என்று இருந்தது.

தவராசா என்பது நான். நாங்கள் அப்பன் பேரை முன்னால் போட்டுச் சொந்தப் பேரைப் பின்னால் எழுதுகிறவர்கள். இந்த நாட்டில் பதியப் போனபோது கந்தோரில் இருந்த பெண் குடும்பப் பேர் எது என்று கேட்டாள். அப்படி ஒன்று எங்களுக்கு இல்லை என்றேன். இல்லாமல் எப்படி, கட்டத்தை நிரப்பவேண்டுமே என்றாள். கடைசியில் என் பேரே குடும்பப் பேராகிவிட்டது. என் மனைவியும் மகளும் தவராசா. இது போதாதென்று, நான் ஆங்கில எழுத்தில் முடிவில் ஜா போட்டு எழுதியதை, ஜகரத்தை யகரமாக வாசிக்கும் இந்தச் சனம் 'தாவராயா' என்று கூப்பிடும். வைத்தியசாலையில், வங்கியில், தபால் கந்தோரில் நான் தாவராயா. தொழிற்சாலையில் தெரிந்தவர்கள் எல்லாரும் தவா என்பார்கள்.

"கப்பலிலை அபி எண்டு கூப்பிடமாட்டினமோ?" என்று கேட்டேன்.

"இல்லை. எல்லாருக்கும் குடும்பப் பேர்தான். ரேடியோவிலையும் அதுதான்."

அந்த உடுப்புக்கு முன்னால் எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லமுடியாது. பல வருடமாக என்னை எரிச்சல்படுத்திய அந்தக் கந்தோர்ப் பெண்ணுக்கு மனதுக்குள் கற்பூரம் கொளுத்தினேன்.

"பிள்ளை, பனியிலை நிக்கேக்கை ஆர் கேட்டாலும் உன்ரை மற்றப் பேரைச் சொல்லாதை. இந்தப் பேரிலையே நில்."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்து, "சரி அப்பா" என்றாள்.

7

வைகாசியில் திரும்பி வந்தாள். முகம் வெயிலில் உரிந்து, கை தடித்து, நல்ல சுகமாக வந்தாள். நான் அழுதேன், மறைக்கவில்லை. கொண்டுவந்த இறைச்சியை மனைவி யாழ்ப்பாணத்துத் தூள் போட்டுப் பிரட்டினாள். அபி இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள். நான் பச்சைத்தண்ணி கூடக் குடிக்கவில்லை. ஊராட்சி இன்னும் கருத்துக்களைத் தொகுத்துக்கொண்டிருக்கிறது. என்னுடைய கருத்தை எப்படி எழுதினார்களோ தெரியாது.

சாப்பிட்டபடி அவள் ஒரு சம்பவத்தைச் சொன்னாள். ஒருநாள் அவள் நின்ற பனித்தட்டு வெடித்துப் பிரியத் தொடங்கியிருக்கிறது. கப்பலிலிருந்து "தாவராயா! தாவராயா! பின்னுக்கு வா!" என்று கத்தியிருக்கிறார்கள். பாய்ந்து மற்றப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தால், வெடிப்புக்குள் ஒரு தலை. அவள் சுட்ட ஒன்றின் பக்கத்தில் முதலில் படுத்திருந்தது அதுதான் என்று நினைக்கிறாளாம். சுடவில்லை. அதுவும் உள்ளே போகவில்லை. கப்பல் புறப்படும் மட்டும் பார்த்துக்கொண்டே இருந்ததாம்.

"நல்ல காலம் அப்பா, பேர் சொல்லிக் கூப்பிட்டது" என்றாள்.

இப்போது இங்கே சூரியன் மறைவதில்லை. சாமத்திலும் வெயில் எறிக்கும். போன ஞாயிறு, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, வீட்டுக்குப் பின்னால் உள்ள மரப்படியில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். காற்று இல்லை. கடற்பறவைகள் வழக்கமாக மீன்குடலுக்குச் சண்டை பிடிக்கும். அன்றைக்கு ஒன்றையும் காணவில்லை. கடல் ஆடாமல் கிடந்தது. வெளிச்சம் ஒரு மூலை விடாமல் எல்லாவற்றின் மேலும் இருந்தது. ஒளிய இடமில்லாத வெளிச்சத்தில் பயப்படுவது இருட்டில் பயப்படுவதை விட மோசம்.

முதலில் மூச்சு. நீளமாக, சலிப்பாக. கத்தியைக் கீழே வைத்தேன்.

பிறகு, தண்ணீர் மட்டத்திலிருந்து, மெதுவாக: "தா... வ... ரா... யா..."

என் அம்மா வைத்த பேர் அப்படி இல்லை. இந்த ஊரில் என்னைத் தெரிந்த ஒருவரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அந்த 'யா' பனிக்கடலில் கப்பல்காரர் வாயிலிருந்து கேட்டு எடுத்து வந்தது.

அண்ணை பதில் சொல்லாமல் வாழைக்குள் ஒளிந்து தப்பினார். சிவராசா என்ற பேர் எங்கள் வீட்டில் ஒருவருக்குத்தான் இருந்தது. தவராசா என்ற பேர் இந்த வீட்டில் என் மகளுக்கும் இருக்கிறது. நான் பேசாமல் இருந்தால் அது அடுத்த ஆளைக் கேட்கும். மேலே அவளுடைய சன்னல் திறந்து கிடந்தது.

நான் எழும்பித் தண்ணீர் ஓரம்வரை போனேன்.

"ஓம்" என்றேன். "நான்தான்."

தண்ணீர் ஒரு வட்டம் போட்டு மூடியது.

மேலே சன்னலில் அபியின் தலை தெரிந்தது. நித்திரைக் கலக்கத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "ஆரோடை அப்பா கதைக்கிறீங்கள்?" என்று கேட்டாள்.

"ஆரோ பேர் கேட்டவை, பிள்ளை. சொன்னனான். நீ படு."